ஆறாம் தெருவின் கொம்புப்புழுக்கள்

மெட்ராஸ் ஐ வந்து தெரு முழுவதையும் சிவக்கச் சிவக்க அழ வைத்துவிட்டுப் போன பதினோராம் நாள் காலையில், வாசல் நந்தியாவட்டையில் பூப் பறிக்கப் போன செண்பகவல்லியை, ஓர் இலைக்கு அடியிலிருந்து எதிர்வீட்டு ஆவுடையம்மாள் பார்த்தாள். ஆவுடையம்மாள் அந்த நேரத்தில் தன் வீட்டு அடுப்படியில் தோசை சுட்டுக்கொண்டிருந்தாள். கல்லில் தண்ணீர் தெளிக்கிற சத்தம் தெருவைத் தாண்டி இங்கே கேட்டது. இலைக்கு அடியில் இருந்ததோ விரல் நீளத்தில் ஒரு பச்சைப் புழு. பக்கவாட்டில் ஒரு வெள்ளைக் கோடு, கோட்டுக்கு மேலும் கீழும் உப்புத் தூவியது போல் புள்ளிகள், வால் நுனியில் மஞ்சளாக ஒரு கொம்பு. விரல் பட்டதும் அது தலையை உள்ளே இழுத்துக்கொண்டு கழுத்தை உப்பியது, உப்பிய கழுத்தில் இரண்டு கண்கள் திறந்தன. வலது கண்ணில் புரை இறங்க ஆரம்பித்திருந்தது. இடது கண்ணின் ஓரத்தில், சின்ன வயதில் வேலிமுள் குத்திய தழும்பு இருந்தது.

செண்பகவல்லிக்குச் சந்தேகமே வரவில்லை. கடைவீதியில் இருக்கிற கண்ணாடிக் கடையில் பதினேழு வருடமாக வருகிறவர்களின் கண்ணில் விளக்கடித்துப் பார்த்து, எழுத்துப் பலகையை வாசிக்க வைத்து, இது தெளிவா அது தெளிவா என்று லென்ஸ் மாற்றி மாற்றிக் கேட்பவள் அவள். ஆளுடைய பெயர் அவளுக்கு மறந்துபோகும், முகம் மறந்துபோகும், கண் மட்டும் மறக்காது. முகம் முழுக்கத் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு ஸ்கூட்டியில் போகிற பெண்ணைக்கூட, இன்னார் மகள், மைனஸ் இரண்டே கால் என்று சொல்லிவிடுவாள். அப்பேர்ப்பட்டவள் எதிர்வீட்டு மதினியின் கண்ணை ஒரு புழுவின் கழுத்தில் பார்த்ததும் கத்திவிட்டாள்.

அந்தக் கத்தலைத்தான் அவள் பிறகு நினைத்து நினைத்து அழுதாள். பக்கத்து வீட்டுப் பொன்னுச்சாமி லாரி ஓட்டுபவர், இருபது நாள் கழித்து அன்றைக்குத்தான் நாக்பூரிலிருந்து வந்து இறங்கியிருந்தார். கண்வலி வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. "என்ன தங்கச்சி, பூரானா?" என்று ஓடிவந்தவர் புழுவைப் பார்த்தார், செருப்பைக் கழற்றினார், அவள் வாய் திறப்பதற்குள் அடித்துவிட்டார்.

எதிர்வீட்டிலிருந்து தோசை தீய்கிற வாடை வந்தது. கையில் தோசைத் திருப்பியோடு, நிலைப்படியைத் தடவிக்கொண்டு ஆவுடையம்மாள் வெளியே வந்து நின்றாள்.

"ஏ செம்பகம், உங்க வீட்லயும் கரண்ட் போயிருச்சா?"

காலை ஏழரை மணி. தெருவில் கண் கூசுகிற வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

இது எப்படி நடக்கும் என்று ஆறாம் தெருவில் யாரும் கேட்கவில்லை. கண்வலிக்கு நந்தியாவட்டைப் பூவை மூடிய கண்மேல் வைத்துக்கொண்டு படுப்பது அங்கே உள்ளதுதான். வைத்து எடுத்த பூவைக் குப்பையில் போடக் கூடாது, கால் படுகிற இடத்தில் எறியக் கூடாது, எந்தச் செடியில் பறித்தோமோ அந்தச் செடியின் அடிமூட்டில்தான் திருப்பிப் போட வேண்டும் என்பதும் உள்ளதுதான். தெருவின் இருபத்திரண்டு வீட்டிலும் அப்படித்தான் செய்தார்கள். தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகிறவர்களும், பஸ் ஏறிக் கல்லூரிக்குப் போகிறவர்களும், மூன்று நாள் வேலையை விட்டுவிட்டு, கண்ணில் வெள்ளைப் பூவோடு வரிசையாகப் படுத்துக் கிடந்தார்கள். செடிகள் வாங்கிக்கொண்டு சும்மா இருக்கவில்லை, அவ்வளவுதான். கண்ணைத் தொட்ட பூ அத்தனையும் வேருக்குள் இறங்கி, வேரிலிருந்து இலைக்கு ஏறி, இலையைத் தின்ற புழுவின் கழுத்தில் கண்ணாக முளைத்தது என்று பால்காரர் முதல் ரேஷன் கடைக்காரர் வரை எல்லாரும் ஒரே மாதிரி சொன்னார்கள், ஏதோ போன வருடமும் அப்படித்தான் முளைத்தது மாதிரி.

ஆனால் பயந்தார்கள். அதுவரை கண்வலிக்கே சிரித்துக்கொண்டிருந்த தெரு அது. யாருடைய கண் யார் வீட்டுச் செடியில் இருக்கிறது என்று தெரியாததுதான் பெரிய பயம். பூ இல்லாத வீட்டுக்காரர்கள் பூ இருந்த வீட்டில் பறித்திருந்தார்கள். பேச்சுவார்த்தை இல்லாத வீடுகளில் விடிவதற்கு முன்னால் வேலிக்கு வெளியே நின்று கைவிட்டுப் பறித்திருந்தார்கள், பறித்ததை ஒழுங்காக அங்கேயே கொண்டுபோய்ப் போட்டும் இருந்தார்கள். அதனால் மூன்று வருடமாக ஒருத்தர் வாசலை ஒருத்தர் மிதிக்காத அண்ணனும் தம்பியும், ஒருத்தர் கண் ஒருத்தர் செடியில் ஆடிக்கொண்டிருக்க, சாடையாகச் சிரித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. புழுவைப் பிடித்து டப்பாவில் போட்டு வீட்டுக்குள் பத்திரப்படுத்தலாமே என்று சிலர் சொன்னார்கள். தன் கண்ணைத் தானே கிள்ளி எடுத்து டப்பாவில் போடுகிற துணிச்சல் யாருக்கும் வரவில்லை. அடுத்தவரைத் தொட விடுகிற நம்பிக்கை அதைவிடக் குறைவு.

இரண்டாம் நாள் ஒரு தவிட்டுக்குருவி ஒன்பதாம் வீட்டுச் செடியில் வந்து உட்கார்ந்து எழும்பியது. தெருமுனையில் தைத்துக்கொண்டிருந்த டெய்லர் வேல்ச்சாமி, கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, "எல்லாரும் எங்க போயிட்டீக?" என்று கேட்டார். அன்று மத்தியானத்துக்குள் இருபத்திரண்டு செடிக்கும் கொசுவலை கட்டியாயிற்று. காக்கை விரட்ட முறை போட்டார்கள். சந்தையிலிருந்து வருகிறவர்கள் பையில் ஒரு கொத்து நந்தியாவட்டை இலை வாங்கி வந்து வலைக்குள் வைத்தார்கள், சாப்பிடட்டும், யார் கண்ணாக இருந்தால் என்ன என்று. பொன்னுச்சாமி லோடுக்குப் போவதை விட்டுவிட்டார். ஆவுடையம்மாளுக்குத் தண்ணீர் பிடித்துக் கொடுப்பதும், கோயிலுக்குக் கைபிடித்துக் கூட்டிப்போவதும், அவள் வாய் ஓயாமல் திட்டுவதைத் தலைகுனிந்து கேட்பதும் அவருக்கு அன்றாட வேலையாகிவிட்டது.

அடையாளம் சொல்லச் செண்பகவல்லியைத் தவிர யார் இருக்கிறார்கள்? கடைக்கு லீவு சொல்லிவிட்டு, கையில் டார்ச்சோடு வீடு வீடாகப் போனாள். கொம்பின் நுனியை ஓர் ஈர்க்கால் மெல்லத் தொட்டால் புழு கழுத்தை உப்பும். கண் திறக்கும். விளக்கை ஓரமாகக் காட்டுவாள். "இது மூணாம் வீட்டு அக்கா, ராத்திரி பஸ் போர்டு படிக்க முடியலன்னு வந்தாகளே." "இது உங்க மாமனாரு, சொட்டு மருந்து விடச் சொன்னேன், விடல போல." காலண்டர் அட்டையைக் கிழித்துப் பெயரெழுதிக் கிளையில் கட்டுவாள். உடையவர்கள் கையைக் கட்டிக்கொண்டு எதிரே நின்று தங்களையே பார்ப்பார்கள், அவையும் இமைக்காமல் இவர்களைப் பார்க்கும். ஒருத்தருக்கும் அதிக நேரம் நிற்க முடியாது. வீட்டுக்குள் போய்த் தண்ணீர் குடிப்பார்கள்.

தோட்டக்கலை ஆபீஸிலிருந்து ஒரு சாரும் வந்தார். பெயர் எட்வின். வலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, செல்போனில் இருந்த படத்தோடு ஒப்பிட்டு, பாடம் ஒப்பிப்பது போல் சொன்னார்.

"கொம்பு இருக்கா? இருக்கு. சைடுல வெள்ளைக் கோடு? இருக்கு. கொம்புப்புழும்மா இது. அரளி, நந்தியாவட்டை இதுகளைத்தான் திங்கும். கொம்பு குத்தாது, விஷமெல்லாம் கிடையாது. முழுசா வளர்ந்தா பச்சை நிறம் போயி, செம்மண் கலராகி, மண்ணுக்கு இறங்கிக் கூடு கட்டும். அப்புறம் பெரிய அந்துப்பூச்சியாப் பறந்துரும். கழுத்துல ரெண்டு நீலப் பொட்டு இருக்கணும், கண்ணு மாதிரி."

"மாதிரி இல்ல சார்" என்றாள் செண்பகவல்லி.

எட்வின் சார் குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "குருவியைப் பயமுறுத்தத்தான் அது அப்படி வச்சிருக்கும். நீங்க பயப்படக் கூடாது" என்று சொல்லிவிட்டு, நோட்டில் 'பொட்டின் நிறம்: பழுப்பு, ஒன்றில் புரை' என்று எழுதிக்கொண்டார். மண்ணுக்கு இறங்கிவிட்டால் ஆபத்து தீர்ந்ததா என்று கேட்டதற்கு, அதன் பாடு முடிந்தது, உங்கள் பாடும் முடிந்திருக்க வேண்டும் என்றார். அந்த 'வேண்டும்' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் தெரு அடுத்த நாட்களைத் தள்ளியது.

அறுபத்து மூன்று பேர் பூ வைத்திருந்தார்கள். இரண்டு பேருக்கு இருட்டிவிட்டது. ஐம்பத்தொன்பது புழுவுக்கு அட்டை கட்டியாயிற்று. பாக்கி இரண்டு, செண்பகவல்லியும் அவள் மகள் அனுசுயாவும். ஊரார் கண்ணையெல்லாம் தேடித் தேடி அடையாளம் சொன்னவள், தன் வாசலுக்குக் கடைசியாகத்தான் வந்தாள். மறதியால் இல்லை. பயம்தான். வீட்டுக்காரர் திருப்பூரில், பனியன் கம்பெனியில்; அவருக்குப் போன் போட்டுச் சொல்லவும் பயந்தாள். இருபது வயது முடியாத பெண், கல்லூரியில் கடைசி வருடம் படிப்பவள், அந்தக் கண்ணுக்கு ஏதாவது ஆனால் என்று தொடங்கிய நினைப்பை அவள் ஒரு நாளும் முடித்ததில்லை.

வலையைத் தூக்கினார்கள். கீழ்க்கிளையில் ஒன்று கொழுகொழுவென்று இலையை அரைவட்டமாகத் தின்றுகொண்டிருந்தது. தெருப்பக்கக் கிளையில் இன்னொன்று. அது எதையும் தின்னவில்லை. அதன் முதுகு முழுக்க, சோற்றுப் பருக்கையை நட்டு வைத்தது போல், வெள்ளை வெள்ளையாக ஏதோ நின்றது. அனுசுயா எண்ணினாள். இருபத்தாறு.

எட்வின் சாரைத் திரும்பக் கூப்பிட்டார்கள். அவர் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினார்.

"முட்டைன்னு நினைக்காதீங்கம்மா, தட்டி விட்டாப் போயிடும்னு. அது கூடு. கண்ணுக்கே தெரியாத குளவி ஒண்ணு உண்டு, அதுக்குக் கொசுவலை எல்லாம் ஒரு தடையா? உள்ள முட்டை வச்சிருக்கு. அந்தக் குளவிக் குஞ்சுக உள்ளேயே இருந்து தின்னு முடிச்சிட்டு, இப்பத்தான் வெளிய வந்து கூடு கட்டியிருக்கு. இது மண்ணுக்கு இறங்காது. நாலு நாள், மிஞ்சினா அஞ்சு."

"ரெண்டுல எது என் பொண்ணு சார்?" என்று கேட்டாள் செண்பகவல்லி. கேட்ட பிறகுதான், அது தான் சொல்ல வேண்டிய பதில் என்பது அவளுக்கு உறைத்தது.

ஈர்க்கால் தொட்டாள். இரண்டும் கழுத்தை உப்பின. இரண்டிலும் ஒரே கண். தேன் நிறம், நீள இமைக்கட்டு, மூக்குப் பக்கம் கொஞ்சம் ஆழம். அம்மா கண்ணை உரித்து வைத்திருக்கிறது என்று அனுசுயா பிறந்த அன்றிலிருந்து பார்த்தவர்கள் எல்லாம் சொன்னது இப்போது வந்து நின்றது. பதினேழு வருடத்தில் ஆயிரக்கணக்கான கண்ணைப் பார்த்தவள்தான், ஆனால் தன் கண் தன்னை எப்படிப் பார்க்கும் என்று அவளுக்குத் தெரியாது. கண்ணாடியில் தெரிவது பொட்டு வைக்கும்போது தெரிகிற கண், அவ்வளவுதான். மகள் கண்ணாவது தெரிய வேண்டாமா? தெரியும். சிரிக்கிற கண் தெரியும், கோபிக்கிற கண் தெரியும், தூக்கம் கலையாத கண் தெரியும். இரண்டு புழுவும் சிரிக்கவுமில்லை, கோபிக்கவுமில்லை. இரண்டும் பயந்து போயிருந்தன. பயந்த கண்ணெல்லாம் ஒன்று போலத்தான் இருக்கிறது. டார்ச் வெளிச்சத்தை ஒரு கழுத்திலிருந்து மற்றதற்கு மாற்றி மாற்றி அடித்தாள்.

தெரு வந்து பார்த்தது. ஆளுக்கொன்று சொன்னார்கள். மூணாம் வீட்டு அக்கா பருக்கை நட்டதை அம்மா என்றாள், அவள் புருஷன் மகள் என்றார். ஆவுடையம்மாள் பொன்னுச்சாமியின் கையைப் பிடித்துக்கொண்டு வந்து, "எனக்கிருந்தா ஒரு பார்வையில சொல்லிருவேனே, பாவி" என்று மறுபடி அவரைத் திட்டினாள். எல்லாரும் செண்பகவல்லிக்காக உச்சுக்கொட்டினார்கள். எல்லாரும், போகிற வழியில் அவரவர் அட்டையை ஒரு தரம் எட்டிப் பார்த்து, முதுகு சுத்தமாக இருக்கிறதா என்று உறுதிப்படுத்திக்கொண்டு போனார்கள். அவர்களைக் குற்றம் சொல்லி என்ன செய்ய?

கூட்டம் கலைந்த பிறகு அனுசுயா வந்து அம்மாவின் தோளில் கைபோட்டாள்.

"யம்மா, இதுக்குப் போயி ஊரைக் கூட்டுவியா? என்னைக் கேட்டா நான் சொல்ல மாட்டேனா? இந்தப் பருக்கை வச்சது நீதான்."

"எப்படிச் சொல்ற?"

"நீ யாருக்காவது கண்ணு பார்க்கும்போது உன் இடது கண்ணு லேசா சுருங்கும். உனக்குத் தெரியாது, உனக்கு எதிர்க்க உட்கார்றவங்களுக்குத்தான் தெரியும். சின்னதுலேர்ந்து எத்தனை தடவை உன் எதிர்க்க உட்கார்ந்திருப்பேன்? இதைப் பாரு. இடது கண்ணு சுருங்கியிருக்கா?"

செண்பகவல்லி பார்த்தாள். சுருங்கித்தான் இருந்தது. நோய் கண்ட எந்தக் கண்ணும் கொஞ்சம் சுருங்கத்தான் செய்யும் என்பது அவளுக்குத் தெரியாததில்லை. வேறு யாராவது வந்து இதைச் சொல்லியிருந்தால் சிரித்து அனுப்பியிருப்பாள். ஆனால் அந்த நேரத்தில் அவள் உடம்பு முழுக்க, இத்தனை நாள் இறுகிக் கிடந்த ஒவ்வொரு நரம்பும் தளர்ந்து, செடியடியிலேயே உட்கார்ந்து மாரியாத்தாளுக்குக் கும்பிடு போட்டாள். நான்தான், நான்தான் என்று சொல்லிச் சொல்லி அழுதாள். அப்படி ஒரு சந்தோஷ அழுகையை அந்தத் தெரு கேட்டதில்லை.

மறுநாளே குருடியாக வாழப் பழக ஆரம்பித்துவிட்டாள். கண்ணை மூடிக்கொண்டு அடுப்படிக்கும் கொல்லைக்கும் நடந்தாள். அனுசுயாவும் துணைக்கு என்று கண்ணை மூடிக்கொண்டு கூடவே நடந்தாள். இருவரும் நிலைப்படியில் முட்டிக்கொண்டு சிரித்தார்கள். சர்க்கரை எது, உப்பு எது என்று மூடியைத் திறந்து மோந்தும் கிள்ளியும் பார்த்தார்கள். அனுசுயா அம்மாவைவிடச் சீக்கிரம் கற்றுக்கொண்டாள். கண்ணைத் திறந்திருந்த நேரமெல்லாம் செண்பகவல்லி மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாப்பிடும்போது பார்த்தாள், தலை பின்னும்போது பார்த்தாள். "என்னம்மா இப்படிப் பார்க்கிற?" என்று அனுசுயா கேட்டால், "பார்த்து வச்சிக்கிறேன்டி" என்பாள். ஒவ்வொரு தடவை அவள் திரும்பிப் பார்க்கும்போதும் அனுசுயாவும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது அவளுக்குப் பெருமையாக இருந்தது.

நான்காம் நாள் காலையில் தெருவில் ஒரே சத்தம். புழுக்கள் எல்லாம் ஒன்றுபோல் நிறம் மாறிவிட்டன. பச்சை போய்ச் செம்மண் நிறம் ஏறி, கழுத்துக் கண்கள் மங்கி மங்கி மூட, அவை வரிசையாகத் தண்டைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கின. ஐம்பத்தொன்பது பேரும் அவரவர் செடியடியில் கைகூப்பி நின்றார்கள். கண் மூடுகிறபோது தனக்கும் மூடுமோ என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்கள். மூடவில்லை. புழு மண்ணுக்குள் போனது, இவர்களுக்கு வெயில் வெயிலாகவே இருந்தது. ஒருத்தரை ஒருத்தர் கட்டிக்கொண்டார்கள். அண்ணனும் தம்பியும்கூட. பிறகு செண்பகவல்லி வீட்டு ஞாபகம் வந்து எல்லாரும் சத்தத்தை அடக்கிக்கொண்டார்கள்.

அங்கே கீழ்க்கிளைப் புழு இறங்கி மண்ணுக்குள் போயாயிற்று. தெருப்பக்கக் கிளையில் மற்றது மட்டும் பச்சை மாறாமல், பின்னங்காலால் கிளையைப் பற்றியபடி தலைகீழாகத் தொங்கியது. பருக்கைக் கூடுகளில் பாதிக்கு மேல் மூடி திறந்து காலியாக இருந்தன.

செண்பகவல்லி வாசல் படியில் செடிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். "கடைசியா நான் பார்க்கிறது அந்தப் புழுவா இருக்கக் கூடாது" என்று மகளை எதிரே உட்கார வைத்தாள். "நீ அதைப் பார்த்துக்க. நான் உன்னைப் பார்த்துக்கிறேன். விழும்போது சொல்லு." அனுசுயா தலையாட்டினாள். அம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, அம்மாவின் தோளுக்கு மேலாகக் கிளையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"இருக்கா?"

"இருக்கும்மா."

மகளின் நெற்றியில் மூன்று நாளுக்கு முன் வந்த ஒரு பரு இருந்தது. செண்பகவல்லி அதைப் பார்த்தாள். மேலுதட்டின் வியர்வையைப் பார்த்தாள். தேன் நிறக் கண்ணைப் பார்த்தாள். அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது, ஆனால் இது தாங்கக்கூடிய பயமாக இருந்தது.

"இருக்கா?"

"இருக்கு, இருக்கு. நல்லாப் பிடிச்சிக்கிட்டு இருக்கு."

வெயில் ஏறியது. யாரோ தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்கள். அனுசுயாவின் கை ஒரு தரம் இறுகி, மறுபடி தளர்ந்தது. செண்பகவல்லி கேட்டாள்.

"இருக்கா?"

"இருக்கும்மா."

அனுசுயாவுக்குப் பின்னால், வேலிக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த பொன்னுச்சாமி துண்டை வாயில் வைத்துக்கொண்டு பொங்கிப் பொங்கி அழுவதைச் செண்பகவல்லி பார்த்தாள். எதற்கு இந்த அண்ணன் அழுகிறார் என்று புரியாமல், மெல்லக் கழுத்தைத் திருப்பிக் கிளையைப் பார்த்தாள். கிளையில் ஒன்றும் இல்லை. கீழே மண்ணில் புழு மல்லாந்து கிடந்தது. சிற்றெறும்பு வந்து சேர்ந்திருந்தது, ஒவ்வோர் எறும்பையும் அவளால் எண்ண முடிந்தது.

அவளுடைய கையை இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, காலிக் கிளை இருக்கும் திசையிலேயே பார்த்தபடி அனுசுயா சொன்னாள்.

"பயப்படாதம்மா. அப்படியேதான் இருக்கு."